வானொலி சொல்லிக்கொண்டேதான் இருந்தது

அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ பழங்குடி மக்கள் தாங்களே ஆளும் நிலம் நவாஹோ தேசம். அதற்குள் வண்டி ஓட்டிய யாராவது அவர்களுடைய ஏ.எம். 660 வானொலியைக் கேட்டிருக்கிறீர்களா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

நான் இருப்பது ஃபீனிக்ஸில். ஒரு ஆகஸ்ட் மாதம் நானும் மனைவியும் மான்யுமென்ட் வேலி பார்த்துவிட்டு, சின்லி வழியாகத் தெற்கே கனாடோவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கயென்டா தாண்டியதும் சிக்னல் போனது, செல்போன் பாட்டும் நின்றது. எஃப்.எம்.மில் வெறும் இரைச்சல். ஏ.எம்.முக்கு மாற்றியதும் 660இல் வந்து நின்றது. பழைய கன்ட்ரி பாட்டு ஒன்று முடிந்து ஓர் ஆண் குரல் பேச ஆரம்பித்தது. கொஞ்சமும் அவசரம் இல்லாத பேச்சு.

நவாஹோவிலும் நம் தமிழைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்று பிறகு படித்தேன். காதில் விழுந்தபோது அந்த ஒற்றுமை எதுவும் தெரியவில்லை. தொண்டை சட்டென்று அடைத்துத் திறக்கும் ஒலிகள். நாக்கின் இரண்டு பக்கமும் காற்றைக் கசியவிடும் ஒரு ‘ல’ வேறு. ழகரத்தைச் சுத்தமாகச் சொல்கிறேன் என்று பெருமைப்படுபவன் நான். அதற்கு முன்னால் என் பெருமை எடுபடவில்லை. நடுவில் ‘டவுன் பேமென்ட்’ என்று கேட்டதும் இருவரும் சிரித்துவிட்டோம். பிக்கப் டிரக் விளம்பரம்!

பாட்டு, மறுபடி அதே குரல். இந்த முறை ‘சின்லி’ என்ற பெயர் இரண்டு மூன்று தடவை வந்தது.

“நாம போற ஊர்தானே?” என்றாள் மனைவி.

“ஏதாவது திருவிழாவா இருக்கும்” என்றேன், ஏதோ தெரிந்தவன் மாதிரி.

சின்லியில் பெட்ரோல் போட்டோம். அங்கே வந்த கொஞ்சநஞ்ச சிக்னலில் மேப் ஒரு மண் சாலையைக் குறுக்கு வழி என்று காட்டியது. தலைக்கு மேலே சுத்தமான நீல வானம், சரி என்று திருப்பினேன். இருபது நிமிடத்தில் சாலை ஒரு ஓடைக்குள் இறங்கியது. இறங்கிய இடத்தில் சாலையே இல்லை. காபி நிறத்தில் வெள்ளம், அதில் ஜூனிப்பர் கிளைகள் உருண்டு போய்க்கொண்டிருந்தன. எங்கோ தூரத்து மேட்டில் பெய்த மழை.

பின்னால் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. கறுப்புத் தொப்பி போட்ட பெரியவரும் பேத்தியும். அவர் ஏதோ சொன்னார், அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்: “ரேடியோ கேட்கவில்லையா என்று தாத்தா கேட்கிறார். இந்த ஓடையில் தண்ணீர் வருகிறது, யாரும் இறங்க வேண்டாம் என்று ஒரு மணி நேரமாகச் சொல்கிறார்களே.”

கேட்டுக்கொண்டேதான் வந்தோம்! அவர் வண்டிக்குள்ளும் என் காருக்குள்ளும் ஒரே குரல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொன்னதும் அந்தப் பெண் தாத்தாவிடம் மொழிபெயர்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள். அப்புறம் அவர் வண்டியைத் திருப்பி முன்னால் போக, நாங்கள் பின்னாலேயே போய் நெடுஞ்சாலையில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்து படித்தால் சின்லி என்ற பெயருக்கே ‘தண்ணீர் வெளியே பாயும் இடம்’ என்றுதான் பொருளாம்.

அந்த நிலையம் கே.டி.என்.என். தலைநகர் விண்டோ ராக்கிலிருந்து 1986 முதல் ஒலிபரப்பாகிறது. நவாஹோ தேசத்துக்கே சொந்தமானது. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் பரந்து கிடக்கும் அந்த 27,000 சதுர மைலில், பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத இடங்கள் ஏராளம். சேதி போய்ச் சேர வேறு எதை நம்புவது?

*

உங்கள் கதையைப் படித்ததும் என்னுடையது. நான் நர்ஸ். 2020 மே, ஜூனில் அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். நியூயார்க்கையே முந்தி, தலைக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் நாட்டிலேயே அதிகத் தொற்று அங்கே இருந்த நேரம். வெள்ளி இரவு 8 முதல் திங்கள் காலை 5 வரை, 57 மணி நேர ஊரடங்கு போட்டிருந்தார்கள்.

கோவிட்டுக்கு அவர்கள் மொழியிலேயே பெயர் வைத்துவிட்டார்கள்: ‘டிகோஸ் ந்த்ஸாயிகீ’, அதாவது பெரிய இருமல். இது போதாதா? எண்பது வயதுப் பாட்டிக்கு வைரஸ் என்றால் என்ன என்று வகுப்பெடுக்கத் தேவையே இல்லை.

என் வார்டில் ஒரு பாட்டி. தலையணைக்குப் பக்கத்தில் பேட்டரி ரேடியோ, அதற்கு ரப்பர் பேண்டு சுற்றி மூடியைக் கட்டியிருந்தார். ஒருநாள் ரேடியோவில் ஒருவர் பேச ஆரம்பித்ததும் என் கையைத் தட்டி, சத்தத்தைக் கூட்டச் சொன்னார். நான் கூட்டினேன். பாட்டி உன்னிப்பாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். என்ன சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். “விஷயத்துக்கு இன்னும் வரவில்லை, குலம் சொல்லிக்கொண்டிருக்கிறார்” என்றார் அவர். அம்மாவின் குலம், அப்பாவின் குலம், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குலம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் குலம் என்று நான்கையும் சொல்லித்தான் அங்கே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். பாட்டி அதைக் கேட்டு, பேசுகிறவர் தனக்கு மகன் முறை என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் கை கழுவுவது, கூட்டம் கூடாதது என்று அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ‘ஆவ், ஆவ்’ என்று ஆமோதித்துக்கொண்டே இருந்தார். நான் அதையே மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், யார் கேட்டது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. டிரக்கில் பீப்பாய் வைத்துக் கொண்டுவர வேண்டும். அடிக்கடி கை கழுவு என்பதைச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவது எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள்தான்.

*

ரேடியோ பைத்தியம் நான். இருப்பது நியூ ஜெர்சி. இங்கே 660இல் வருவது நியூயார்க்கின் விளையாட்டு நிலையம். ஒரே அலைவரிசை, நடுவில் கண்டத்தின் பெரும்பகுதி. பகலில் தொல்லை இல்லை. இருட்டினால் ஏ.எம். அலை மேலே போய் வானத்தில் பட்டு எங்கோ போய் இறங்கும். அதனால் கே.டி.என்.என். இரவில் கிழக்குப் பக்கம் அடக்கி வாசிக்கிறது. அதன் சக்தி 50,000 வாட், அமெரிக்காவில் ஏ.எம்.முக்குக் கொடுக்கும் உச்ச அளவு.

எஃப்.எம். ஒரு மேடு குறுக்கே வந்தாலே படுத்துவிடும். ஏ.எம். தரையை ஒட்டியே ஊர்ந்து வரும், செங்கல் நிற மேடுகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த அந்த ஊருக்கு அதுதான் சரி. எனக்குத் தீராத ஏக்கம் ஒன்று உண்டு: 1996 ஜனவரியில் அரிசோனாவின் டெம்பியில் நடந்த சூப்பர் பௌலை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியை, கவ்பாய்ஸ் ஸ்டீலர்ஸ் ஆட்டத்தை, அவர்கள் நவாஹோவிலேயே வர்ணனை செய்தார்கள். அதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

*

நான் நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டனில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே கே.என்.டி.என்., 960. அதுவும் நவாஹோ மொழியில்தான். யார் வேண்டுமானாலும் நேரே நிலையத்துக்குப் போய் மைக்கில் சேதி சொல்லலாம். குடும்பக் கூட்டம், காணாமல் போன மாடு, ஊருக்குப் போக வண்டி வேண்டும், எல்லாம் வரும். என்னோடு வேலை பார்த்தவர் சாப்பாட்டு நேரத்தில் மெல்வதையே நிறுத்திவிட்டு அதைக் கேட்பார். “உனக்கு ஏதாவது சேதியா?” என்றால், “வந்தாலும் வரும்” என்பார்.

ரேடியோவுக்கு அவர் சொன்ன நவாஹோச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், ‘காற்றைக் கொண்டு சேதி சொல்வது’ என்று வரும். கார் ‘சிடி’. அந்தக் காலத்து எஞ்சின் போட்ட சத்தமே பெயராகிவிட்டது என்பார்கள். விமானம் பறக்கிற சிடி.

*

அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, நவாஹோ மாற்றும், அதற்கு நடுவில் இருக்கும் இன்னொரு பழங்குடியான ஹோப்பி மக்களின் நிலம் மாற்றாது. 264ஆம் சாலையில் டூபா சிட்டியிலிருந்து விண்டோ ராக் போய்ப் பாருங்கள். நடுவில் ஹோப்பி ஊர்களில் 88.1இல் அவர்களுடைய குயி வானொலி வரும். குயி என்றால் தண்ணீர். ரேடியோவில் மணி சொன்னால் எந்த மணி என்று முதலில் யோசிக்க வேண்டும். அருங்காட்சியகம் ஒன்றை ஒரு மணி நேர வித்தியாசத்தில் கோட்டைவிட்டவன் சொல்கிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். நர்ஸ் அம்மா, உங்கள் பாட்டிக்குக் குணமாகி வீட்டுக்குப் போனாரா என்று சொல்லவில்லையே?

என் பக்கம் ஒரு பின்குறிப்பு. இந்த வருடம் மறுபடி அதே வழியில் போனோம். ரேடியோவில் ‘சின்லி’ என்று காதில் விழுந்ததும் எனக்கு உதறல். அதே பெட்ரோல் பங்குக்குள் ஓடி, கல்லாவில் இருந்த பெண்ணிடம், “இப்போது ரேடியோவில் சின்லி என்றார்களே, என்ன அது, எந்தச் சாலை?” என்றேன். கடைக்குள்ளும் அதே நிலையம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேலே இருந்த ஸ்பீக்கரை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“குதிரைமசால் தீவனக் கட்டு விற்பனைக்கு இருக்கிறதாம். உங்களுக்கு எத்தனை கட்டு வேண்டும்?”