ஆஸ்திரேலியாவுல நல்லர்போர் ரோட்ட மொத தடவையா கேரவன் இழுத்துக்கிட்டு கடக்கப் போறோம், போனவங்க சொல்லுங்க

சிப்புட் லோரிக்காரன்:

வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துலேயே பொறந்து வளந்தவன், 27 வருசம் செம்பனை குலை லோரி ஓட்டிட்டு போன வருசம்தான் நிப்பாட்டுனேன். மக பெர்த்துல இருக்கா, மருமகன் ஒரு கேரவன், அதான் காடிக்குப் பின்னால மாட்டி இழுக்குற வீடு, வாங்கி வச்சிருக்காரு, ஆகஸ்ட்டுல நானும் சம்சாரமும் போறப்ப எல்லாரும் பெர்த்துல இருந்து அடிலைட் வரைக்கும் ரோட்டுலயே போவோம்னு முடிவு பண்ணிட்டாங்க. மருமகன் ஆபிஸ் வேல, கேரவன இழுத்துக்கிட்டு பக்கத்து ஊருக்கு ரெண்டு தடவ போயிருக்காரு அவ்வளவுதான், மாமா நீங்கதான் லோரி ஓட்டுனவரு நீங்களே ஓட்டுங்கன்னு எம்மேல போட்டுட்டாரு. நானும் சரின்னுட்டேன், இப்ப ராத்திரி தூக்கம் வரல.

பத்து டன் குலைய ஏத்திக்கிட்டு மண் ரோட்டுல எறங்குனவனுக்கு ஒரு கேரவன் என்ன பெருசுன்னு தோணுது, ஆனா யூடியூப்ல ஒண்ணு ரெண்டு கேரவன் கவுறறதப் பாத்தேன், வயித்தக் கலக்குது. பெட்ரோல் கெடைக்குமா, டின்ல எடுத்துட்டுப் போகணுமா? ராத்திரியில ஓட்டலாமா, எனக்கு ராத்திரி ஓட்டுறது பழக்கம்தான். சம்சாரம் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, பாலைவனத்துல காடி நின்னுட்டா யாரக் கூப்புடறதுன்னு. யாராச்சும் பதில் சொல்லுங்க.

பீடோங் பையன்:

அண்ணே வணக்கம், எனக்கும் பீடோங் பக்கம்தான், இப்ப பெர்த்துல பதினோரு வருசம். அந்த ரோட்ட ரெண்டு தடவ கடந்திருக்கேன், ரெண்டாவது தடவ கேரவனோட.

மொதல்ல அண்ணிகிட்ட சொல்லுங்க, பாலைவனம்னு பேருதான், ரோடு 1976-லேயே முழுக்க தார் போட்டு முடிச்சாச்சு, பள்ளம் மேடு இல்லாம நம்ம வடக்கு தெற்கு ஹைவே மாதிரியே இருக்கும், என்ன ரெண்டு பக்கமும் ஒவ்வொரு லேன்தான். பேரு ஏர் ஹைவே, 1841-ல நடந்தே அந்தப் பக்கம் கடந்த ஏர்ங்கிற வெள்ளக்காரர் பேரு. நார்ஸ்மன்ல ஆரம்பிச்சு செடூனா வரைக்கும் 1200 கிலோமீட்டர், நடுவுல ஊருன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கெடயாது, நம்ம ஹைவே மொத்தமும் 772-தான் பாத்துக்கோங்க. மரமே இல்லன்னு அர்த்தம் வர்ற லத்தீன் பேரு, ஆனா ரோடு போற தெற்குப் பக்கம் பூரா சின்னச் சின்ன மரம் இருக்கும். நெசமாவே மொட்டையா இருக்குறது நல்லர்போர் ரோட்ஹவுஸ் (பெட்ரோல், சாப்பாடு, படுக்க எடம் இருக்குற நிறுத்தம்) பக்கத்துல கொஞ்ச தூரந்தான், நான் மொத தடவ ஏமாந்துட்டேன்.

பெட்ரோலுக்கு கவலப்படாதீங்க. நார்ஸ்மன்ல இருந்து பல்லடோனியா 190 கிலோமீட்டர் சொச்சம், அங்க இருந்து கைகுனா 180, அப்புறம் காக்லபிடி, மதுரா (ஆமா பேரு மதுராதான், நம்ம மதுரை இல்ல), முன்ட்ரபில்லா, யூக்லா எல்லாம் கிட்டக் கிட்ட. மாநில பார்டர் தாண்டுனா மறுபடியும் ஒரு 185 காலியா கெடக்கும். எதுவும் இருநூறத் தாண்டாது. ஆனா கேரவன் மாட்டுனா காடி குடிக்கிற குடி வேற, நூறு கிலோமீட்டருக்கு பத்து லிட்டர் குடிச்சது பதினாறு பதினெட்டு குடிக்கும், எதிர்க்காத்து அடிச்சா அதுக்கும் மேல. எனக்கு ஒரு நாள் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எதிர்க்காத்து, முள்ளு எறங்குறத கண்ணால பாத்தேன். அதனால ஒவ்வொரு ரோட்ஹவுஸ்லயும் நிப்பாட்டி ரொப்பிருங்க, பாதி இருக்கேன்னு தாண்டிப் போகாதீங்க. வெல கூடத்தான் இருக்கும், வாங்கித்தான் ஆகணும். இப்படிப் போனா டின்னு தேவையில்ல.

ராத்திரி ஓட்டுறது வேணவே வேணாண்ணே, பழக்கம் இருந்தாலும் வேணாம். நம்ம ஊருல ரோட்டுக்கு வர்றது மாடு, காட்டுப்பன்னி. அங்க கங்காரு, வாம்பட், ஒட்டகம் கூட வரும், பொழுது சாயுற நேரமும் விடியுற நேரமும்தான் ரொம்ப மோசம். ஆகஸ்ட்டு அங்க குளிர் காலம், அஞ்சரைக்கே இருட்ட ஆரம்பிச்சிரும், நாலு மணிக்கு எங்க படுக்கப் போறோமோ அங்க போய்ச் சேந்துருங்க.

கிள்ளான் வர்க்‌ஷாப்:

மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா முக்கியமானத யாரும் சொல்லல. அண்ணே கோவிச்சுக்காதீங்க, லோரி ஓட்டுன தைரியந்தான் உங்களுக்கு ஆபத்து. லோரியில பாரம் உங்க சேசிஸ் மேல ஒக்காந்திருக்கு, சேந்தே திரும்பும். கேரவன் தனியா ஒரு வண்டி, ஒரே ஒரு உருண்டையில மாட்டித் தொங்குது, பின்னால பாரம் அதிகமாச்சுன்னா நாய் வால ஆட்டுற மாதிரி ஆட ஆரம்பிக்கும், அப்புறம் அது உங்கள இழுக்கும்.

ஆலையில குலை லோரிய நிறுவைக்கு நிறுத்துவீங்கல்ல, அதே மாதிரி கெளம்புறதுக்கு முன்னால எல்லா சாமானையும் ஏத்தி, தண்ணி டேங்க் ரொப்பி, கேரவன எடை போட்டுப் பாக்கச் சொல்லுங்க மருமகன. கேரவன் தகட்டுல எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு போட்டிருக்கும். தண்ணி ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, 80 லிட்டர் டேங்க் ரெண்டுன்னா அதுவே 160 கிலோ, இத யாரும் கணக்குல சேக்குறதில்ல. கொக்கி மேல எறங்குற பாரம் மொத்தத்துல பத்துல ஒரு பங்கு இருக்கணும், கம்மியா இருந்தா ஆடும். அரிசி மூட்டை, டின் சாமான் எல்லாம் சக்கரத்துக்கு மேல, தரையோட வைங்க, பின் பக்க அலமாரியில வைக்காதீங்க.

ஆடிருச்சுன்னா பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க, ஸ்டீரிங்க வெட்டாதீங்க. கால மெதுவா ஆக்சிலரேட்டர்ல இருந்து எடுத்துட்டு, டேஷ்போர்டுல கேரவன் பிரேக்குக்குன்னு தனியா ஒரு கன்ட்ரோல் இருக்கும், அத கையால அமுக்குங்க. அது எங்க இருக்குன்னு வீட்டு வாசல்லயே கண்ண மூடிட்டு தொட்டுப் பழகுங்க.

தைப்பிங் அக்கா:

தம்பிங்க ரோட்டப் பத்தி நல்லா சொல்லிட்டாங்க, நான் வயித்தப் பத்தி சொல்றேன். நாங்க போன வருசத்துக்கு முந்தின வருசம் பெர்த்துல இருந்து அடிலைட் போனோம், செடூனாவுல செக்கிங் இருக்கு, பழப் பூச்சி வந்துரக் கூடாதுன்னு பழம் காய்கறி எல்லாம் எடுத்துக்குவாங்க. நான் தெரியாம ஒன்றரை கிலோ தக்காளி, ஒரு பை நெறைய பச்ச மிளகா, நார்ஸ்மன்ல கூடுதலா வாங்குனது, எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு அழாத கொறையா வந்தேன். மொத நாளே தக்காளி தொக்கு, மிளகா சம்பல்னு வதக்கி டப்பாவுல போட்டு வச்சுக்கோங்கம்மா, சமைச்சதுக்கு ஒண்ணும் சொல்லல. திரும்பி பெர்த் பக்கம் வந்தா செக்கிங் பார்டர்லயே, அங்க தேனையும் எடுத்துருவாங்க.

தண்ணி ரொம்ப முக்கியம். ரோட்ஹவுஸ்ல டேங்க் ரொப்பித் தர மாட்டாங்க, அவங்களுக்கே தண்ணி தட்டுப்பாடு. குடிக்கிற தண்ணி தனியா வாங்கி வைங்க, பாத்திரத்த நம்ம ஊரு மாதிரி கொழாயத் தெறந்து விட்டுக் கழுவாதீங்க.

ஆகஸ்ட்டுல போறீங்க, குடுத்து வச்சவங்க. நல்லர்போர் ரோட்ஹவுசுக்கு கிழக்க ஹெட் ஆஃப் பைட்னு ஒரு எடம், திமிங்கலம் குட்டி போட வரும், மேல பலகைப் பாலத்துல நின்னு பாத்தா கீழ தாயும் குட்டியும் மெதக்குது. எங்க வீட்டுக்காரரு அரை மணி நேரம்னு சொன்னவரு மூணு மணி நேரம் நகரல. ராத்திரி குளிரு நடுக்கும், கேமரன் மலைய நெனச்சுக்கிட்டு போயிராதீங்க, அதுக்கும் மேல.

சிப்புட் லோரிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கிள்ளான் தம்பி சொன்னது கொஞ்சம் குத்துச்சு, ஆனா உண்மதான். இன்னும் ரெண்டு கேக்கணும். ரோடு ட்ரெய்ன்னு பெரிய லோரி வருதாமே, அது எப்படி? அப்புறம் சம்சாரத்துக்கு பதில் யாரும் சொல்லலயே, நின்னுட்டா யாரக் கூப்புடறது?

பீடோங் பையன்:

மன்னிச்சுக்கோங்கண்ணே, விட்டுப் போச்சு. போன் ரோட்ஹவுஸ் பக்கம் கெடைக்கும், நடுவுல பல எடத்துல செத்துரும். வண்டிக்கு வண்டி பேசுற யூஎச்எஃப் ரேடியோ ஒண்ணு மாட்டிக்கோங்க, லோரிக்காரங்க 40-ஆவது சேனல்ல பேசுவாங்க. அதுவும் இல்லன்னா ரோட்டோரமா நின்னு கைய காட்டுனாலே போதும், வெள்ளக்காரன் நிப்பாட்டிருவான், அந்த ரோட்டுல அது ஒரு பழக்கம். ரொம்ப ஆபத்துன்னா டாக்டர் பிளேனே ரோட்டுல எறங்கும், சில எடத்துல தார் ரோட்டுலயே ரன்வே கோடு போட்டு வச்சிருக்காங்க, பாப்பீங்க.

ரோடு ட்ரெய்ன் 36 மீட்டர் நீளம் வரைக்கும் வரும். எதுத்தாப்புல வந்து தாண்டுறப்ப காத்து மொதல்ல தள்ளும், அப்புறம் இழுக்கும். எனக்கு கைகுனா தாண்டி அப்படித்தான் ஒரு தடவ கேரவன் ஆடி, ஒடம்பெல்லாம் வேர்த்துருச்சு, 105-ல போனது என் தப்பு. நீங்க 90-லயே போங்க, பின்னால லோரி வந்தா ரேடியோவுல சொல்லி வழி விட்டுருங்க, நீங்களும் லோரிக்காரரு, அவன் நெலமை உங்களுக்குத்தான் புரியும்.

பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவுல 146 கிலோமீட்டர் ஒரு வளைவு கூட கெடயாது, ஈப்போவுல இருந்து பட்டர்வொர்த் வரைக்கும் ஸ்டீரிங்க திருப்பாம போற மாதிரி. கண்ண சொக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ மருமகன்கிட்ட மாத்திக் குடுங்க, ஆபிஸ்காரர்னு பாக்காதீங்க. உங்க லைசென்சோட நம்ம ஊரு ஜேபிஜேவுல (ரோடு போக்குவரத்து ஆபிஸ்) இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துக்கோங்க, காடி இன்சூரன்ஸ்ல உங்க பேரு வருதான்னும் மருமகன கேக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பெர்த் நேரமும் நம்ம மலேசியா நேரமும் ஒண்ணுதான், ஆனா கைகுனா தாண்டுனதும் கடிகாரத்த முக்கா மணி நேரம் முன்னால தள்ளணும், அந்தச் சின்ன துண்டுக்கு மட்டும் தனி நேரம். அங்க நின்னுக்கிட்டு சிப்புட்டுக்கு போன் போட்டீங்கன்னா குழம்பிருவீங்க.

தைப்பிங் அக்கா:

செடூனா சேந்ததும் கடல் சிப்பி விக்கும், அதுக்கு பேர் போன ஊரு. சிப்புட்டுக்காரங்க சிப்பி சாப்புடாம வந்துராதீங்க.