குறைந்த விலை வைடு ஆங்கிள்: நிலக்காட்சிக்கு எது போதும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் வைத்திருப்பது கேனன் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) பாடி, அதற்கு 10-18 மி.மீ. எஸ்டிஎம் லென்ஸ், அதாவது அகலமான காட்சியைப் பிடிக்கும் வைடு ஆங்கிள். 2014-இல் வந்த லென்ஸ், இன்று செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. புதிதாக வாங்க நினைக்கும் பலர் எஃப் 2.8 (துளை பெரிதாகத் திறந்து அதிக வெளிச்சம் வாங்கும்) லென்ஸுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நிலக்காட்சிக்கு மட்டும் என்றால் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்பேன்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸில், 18 மி.மீ.யில் மூலைக்கு மூலை சுமார் 74 பாகை தெரியும். 10 மி.மீ.யில் அதுவே 107 பாகை. இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பது செஞ்சியில்தான் எனக்குப் பிடிபட்டது. ராஜகிரி அடிவாரத்தில் நின்று 18-இல் பார்த்தால் மலையும் உச்சிக் கோட்டையும் அழகாக அமைகின்றன. 10-க்குத் திருப்பியதும் மலை சுருங்கி எங்கோ போய்விடுகிறது. படம் முழுக்கப் புல்லும் வானமும்தான். பக்கத்தில் கிடந்த உருண்டைப் பாறை ஒன்றை ஒட்டிப் போய், டிரைபாடை முழங்கால் உயரத்துக்கு இறக்கி எடுத்தேன். பாறையில் ஓடிய வெடிப்பு படத்தின் அடியில் தொடங்கி, கண்ணை நேராக மலைக்குக் கொண்டுபோனது. இப்படிக் கிட்டே போய் எடுக்கத்தான் வைடு ஆங்கிள். தூரத்து மலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்கிறவருக்கு 55-250 வாங்குவதே நல்லது.

கிட்டே போனால் பாறையும் தெளிவாக வேண்டும், மலையும் தெளிவாக வேண்டும். அதற்குத் துளையைச் சுருக்கி எஃப் 8 அல்லது 11 வைத்தாக வேண்டும். 10 மி.மீ., எஃப் 8 என்று வைத்து ஒரு மீட்டர் தள்ளி ஃபோகஸ் செய்தால், அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மையாக வந்துவிடும். 2.8 லென்ஸ்காரரும் இந்தப் படத்துக்கு 8-க்குத்தான் வருவார். டோக்கினா 11-16 என்ற 2.8 லென்ஸ் அரைக் கிலோவுக்கு மேல் எடை, என் 10-18 வெறும் 240 கிராம். ராஜகிரிப் படிகளில் ஏறுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. மிச்சமாகும் பணத்தைத் தரமான டிரைபாடில் போடுங்கள். விடியற்கால வெளிச்சத்தில் அதுதான் கைகொடுக்கும்.

மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் பகுதி) பிளாஸ்டிக் என்று தயங்குகிறார்கள். இவ்வளவு லேசான லென்ஸுக்கு அது போதும், என்னுடையதில் ஆட்டமே இல்லை. தூசி, ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இல்லாததுதான் நான் கவனிக்கும் குறை. தனுஷ்கோடிக் காற்றில் மணல் பறக்கும். அங்கே வண்டிக்குள் உட்கார்ந்துதான் லென்ஸ் மாற்றுவேன். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) பற்றியும் ஒரு வார்த்தை: 10-இல் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் வரும். ஓடைத் தண்ணீருக்கும் ஈர இலைகளுக்கும் மட்டும் அதைப் போடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் ஃபங்கஸ், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அடுத்து ஒரு செங்கல் சுவருக்கு நேரே கேமராவை வைத்து ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மோசம் என்றால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. வைடு ஆங்கிளில் இது அடிக்கடி கண்ணில் படும், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பதில் 1

சுவர் சோதனையை நானும் செய்வேன் அண்ணா. நிக்கான்காரர்களுக்கு அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. 2017-இல் வந்த ஏஎஃப்-பி 10-20 நல்ல லென்ஸ், 230 கிராம், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் டி90, டி7000, டி3100 மாதிரிப் பழைய பாடிகளில் அது ஃபோகஸ் ஆகாது. கையால் திருப்பினாலும் ஆகாது, ஏனென்றால் அந்த வளையமும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. என் சித்தப்பா மகன் டி7000 வைத்திருக்கிறான். வாங்கப் போன இடத்தில் பணம் கொடுப்பதற்கு முன்பே பாடியில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன், அங்கேயே தெரிந்துவிட்டது. அப்புறம் பழைய சிக்மா 10-20 எடுத்தான். 2005-இல் வந்த மாடல். மூலைகள் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எஃப் 11-இல் அவனுக்குத் திருப்தி. பழைய டோக்கினாவில் நிக்கானுக்கு ஃபோகஸ் மோட்டார் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. மோட்டார் இல்லாததை டி3000, டி5000 வரிசையில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பதில் 2

2.8-க்கு ஏன் பணம் என்று கேட்டதில் ஒரு விலக்கு சொல்ல வேண்டும். மேகமலை மாதிரி இருட்டான இடத்தில் பால்வெளி எடுப்பவர்களுக்கு அது கட்டாயம். நான் சாம்யாங் 14 எஃப் 2.8 வைத்திருக்கிறேன். முழுக்கக் கையால் இயக்குவது, அதனால்தான் மலிவு. கேனன் கிராப் பாடியில் 20 விநாடி வரை நட்சத்திரம் பெரிதாக இழுபடாது. 10-18-இன் எஃப் 4.5-இல் எடுத்தால் இதே நேரத்தில் பாதிக்கும் குறைவான வெளிச்சமே கிடைக்கும்.

முன் கண்ணாடி உருண்டு வெளியே நிற்பதால் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. நேர்க்கோடுகள் அலைபோல வளையும். மலைக்கும் வானத்துக்கும் அது தெரியாது, கோயில் மண்டபத் தூண்களில் உடனே தெரியும். பகலில் நிலக்காட்சி மட்டும் எடுக்கிறவர் மேலே சொன்ன 10-18-ஐயே வாங்கலாம்.