பெட்டியில் கிடந்த தனுஷ்கோடி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் உரையாடலிலிருந்து:

பாம்பன் அத்தை: அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கேமரா பிலிமின் நெகட்டிவ் சுருள் கிடைத்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் முகமெல்லாம் கறுப்பு, முடியெல்லாம் வெள்ளை. யாரென்றே தெரியவில்லை. தூக்கிப் போட்டுவிடவா?

மண்டபம் சித்தப்பா: ஐயோ அக்கா, வேண்டாம்! 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் அப்பா தனுஷ்கோடியில் எடுத்த படங்கள் அதில் இருக்கலாம். துணியால் துடைக்கவும் வேண்டாம், கீறல் விழும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

அண்ணன்: அத்தை, மடிக்கணினியில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி நெகட்டிவைப் பிடியுங்கள். ஒட்டினால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசியில் எடுங்கள்.

பாம்பன் அத்தை: [படம்]
கைபேசி அமைப்பிலேயே நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி இருக்கிறதே, அது போதாதா?

அண்ணன்: பார்ப்பதற்குப் போதும். ஆனால் அது திரையைத்தான் மாற்றும், கோப்பு அப்படியே இருக்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0 முதல் 255 வரை எண்கள் உண்டு. அவற்றை 255-இலிருந்து கழிக்க வேண்டும். 20 என்ற இருட்டு 235 என்ற வெளிச்சமாகிவிடும். ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் வளைவுக் கோட்டின் இடது முனையை மேலே, வலது முனையைக் கீழே இழுத்தாலும் இதே கணக்குதான்.
[படம்]

நான்: அப்பத்தா! எவ்வளவு இளமையாக இருக்கிறார்! பின்னால் ரயில் பெட்டி, வெள்ளை மணல்!

பாம்பன் அத்தை: அம்மாவேதான். ஆனால் முந்தானை வலது தோளில் இருக்கிறதே? அம்மா எப்போதும் இடது தோளில்தான் போடுவார்.

அண்ணன்: பிலிமின் மறுபக்கத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். இடவலம் திருப்பிவிட்டேன். ரயில் பெட்டியின் எழுத்தும் இப்போது நேராகப் படிக்க வருகிறது.
[படம்]

மண்டபம் சித்தப்பா: கண் நிறைந்துவிட்டது தம்பி. என்னிடம் 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த சமயத்துக் கலர் நெகட்டிவ் இருக்கிறது. மாற்றிப் பார்த்தேன், கடல் மட்டுமல்ல, ஆட்களும் நீலம்.

அண்ணன்: கலர் நெகட்டிவின் அடித்தளமே ஆரஞ்சு, சித்தப்பா. தலைகீழாக்கினால் அதுதான் நீலமாக மூடுகிறது. முதலில் படம் விழாத ஆரஞ்சு ஓரத்தை வெள்ளை என்று செயலியில் காட்டி நிறத்தைச் சமன் செய்யுங்கள், பிறகு தலைகீழாக்குங்கள்.

நான்: அண்ணா, அப்பத்தாவின் முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றிவிடாதே. தெரியாத இடத்தை அது ஊகித்து வரைந்துவிடும். மங்கலாக இருந்தாலும் அவர் முகமே வேண்டும்.

அண்ணன்: தொடமாட்டேன்.

பாம்பன் அத்தை: மீதியை இரவு எடுத்து அனுப்புகிறேன்.

அண்ணன்: ஆவணமாக அனுப்புங்கள் அத்தை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.