மெத்தில் அடினின் வைத்ததும் உருகுநிலை 15 டிகிரி விழுந்துவிட்டது, ஏன்?

குளிர்அறை: அவசரம், நாளைக்கு மீட்டிங். 12 பேஸ் ஆலிகோ (குட்டி டிஎன்ஏ இழை), நடுவில் ஒரே ஒரு மெத்தில் அடினின். சாதா ஜோடி 48 டிகிரியில் உருகுது (இரண்டு இழையும் பிரியுது), இது 33-இல். மெத்தில் சைட்டோசின் வைத்தப்போ எதுவும் விழலையே? மாஸ் ஸ்பெக்கில் (நிறை அளக்கும் கருவி) சரியாக +14, ஒரு மெத்திலுக்கான கூடுதல் நிறை. ஆலிகோ கெட்டுப்போச்சா?

பஃபர்மன்னன்: உப்பு எவ்வளவு? இழைச் செறிவு? இரண்டு ஜோடிக்கும் ஒரே பாட்டில் பஃபரா? உப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தாலே பத்து டிகிரி போயிடும்.

நெல்லைப்பூ: எந்த மெத்தில்? அடினினின் என்6 நைட்ரஜன் மேலா, என்1 மேலா?

உருகல்தாத்தா: கடையில் போய் ‘எண்ணெய் குடுங்க’ என்று கேட்கிற மாதிரி இருக்கு. அடினினுக்கு எண் போட்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை தம்பி. சைட்டோசினின் 5ஆம் இடம் இரட்டைச் சுருளின் பெரிய பள்ளத்தைப் பார்த்து நிற்கும், மூன்று ஹைட்ரஜன் பிணைப்பில் எதையும் தொடாது. என்6-இல் மெத்தில் வந்தாலும் ஒரு ஹைட்ரஜன் மிச்சம் இருக்கும், தைமினின் ஓ4-ஐப் பிடிக்க அது போதும். ஆனால் அந்த மெத்தில் என்1 பக்கம் சாய்ந்தே நிற்கப் பார்க்கும். ஜோடி சேர என்7 பக்கம் திரும்பணும். அதுக்குச் சில டிகிரி செலவாகும். 15 ஆகாது.

நெல்லைப்பூ: அதான் என்1 என்று சந்தேகப்படறேன். தைமினின் என்3 ஹைட்ரஜனை வாங்குற இடமே அதுதான். அங்கே மெத்தில் உட்கார்ந்தால் வழக்கமான வாட்சன்-கிரிக் ஜோடி கிடையாது, பிளஸ் சார்ஜ் வேறு. அடினின் புரண்டு என்7 வழியாக ஹூக்ஸ்டீன் ஜோடி போடும், ஆனால் பலவீனம். இரண்டு மெத்திலுக்கும் நிறை ஒன்றே, மாஸ் ஸ்பெக் பிரித்துக் காட்டாது.

அடுக்குவிசை: எல்லாரும் பிணைப்பையே எண்ணறீங்க, பேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்கிற விசையை விட்டுட்டீங்க. டைஅமினோபியூரின் (இன்னொரு அமினோ சேர்த்த அடினின்)-தைமினுக்கும் மூன்று பிணைப்பு, குவானின்-சைட்டோசின் அளவுக்கு வருதா? 5-மெத்தில் சைட்டோசின் ஒரு பிணைப்பும் கூட்டாமலே உருகுநிலையை ஏத்துது.

உருகல்தாத்தா: பிணைப்பே இல்லாமலும் ஜோடி தேர்வாகும் என்று 1997-லேயே பார்த்தாச்சு. வேதியியலாளர் எரிக் கூல் குழுவின் டைஃபுளோரோ டொலுயீன், தைமின் வடிவம்தான், பிணைப்பு போடாது. டிஎன்ஏ-வை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைம் அதற்கு எதிரே அடினினைத்தான் வைத்தது.

அடுக்குவிசை: வைத்தது சரி. அதே மூலக்கூறு இரட்டை இழையின் உருகுநிலையை இறக்கினதையும் சேர்த்துச் சொல்லுங்க.

நெல்லைப்பூ: சண்டையைத் தனி விவாதத்தில் வையுங்க. குளிர்அறை, ஜோடி சேர்க்காத ஒற்றை இழையை 50 மில்லிமோலார் சோடியம் கார்பனேட், பிஎச் 10.4-இல், 60 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்க. ஆர்என்ஏ என்றால் உடையும், டிஎன்ஏ தாங்கும். டிம்ராத் மாற்றம்: வளையம் திறந்து மூடி என்1-மெத்தில் என்6-மெத்தில் ஆகிடும். உப்பு நீக்கி, பழைய பஃபரில் மறுபடி உருக்குங்க. ஏறினால் உங்களுக்கு வந்தது என்1. மெத்தில் இல்லாத ஆலிகோவையும் கூடவே வைக்கணும். இன்னொன்று: தயாரிப்பில் சூடான அம்மோனியா பட்டிருந்தால் கொஞ்சம் முன்னாடியே மாறியிருக்கும், உருகல் கோட்டில் இரண்டு படி தெரியலாம்.

குளிர்அறை: ஒரே படிதான். கார்பனேட் வைத்தாச்சு, 33-இல் இருந்து 44. மெத்தில் இல்லாதது 48-லேயே நிற்குது. உப்பு 100. நன்றி.

நெல்லைப்பூ: 44-இல் படி அகலமா இருந்தால் இன்னும் 3 மணி நேரம் வையுங்க, முழுசா மாறியிருக்காது.

பஃபர்மன்னன்: 100 என்றால் மில்லிமோலாரா?