21 மிஷன், மூன்றே நாள்: எதை விடலாம்?

கலிஃபோர்னியாவில் ஸ்பானியப் பாதிரியார்கள் அமைத்த பழைய மிஷன்களை (கத்தோலிக்க மதப்பணி நிலையங்களை) பார்க்க, சான் டியேகோவிலிருந்து சொனோமா வரை காரில் போகிறோம். கூடவே அம்மா, ஏழு வயதுப் பையன். எல்லாம் பார்க்க முடியாது. எதை விடலாம்?

பதில் 1: எதை வேணா விடுங்க, லோம்போக் பக்கத்து லா புரிசிமாவை விடாதீங்க. 1930களில் இடிபாட்டிலிருந்து அடோபி மண்கல்லால் திரும்பக் கட்டியது. கழுதை, ஆடெல்லாம் நிற்கும். என் பொண்ணு கிளம்பவே மாட்டேன்னுட்டா. 1824இல் சுமாஷ் பழங்குடியினர் கிளர்ந்தெழுந்து ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்து வைத்திருந்த இடமும் அதுதான். வெறும் மணிக்கூண்டைப் படம் பிடிச்சுட்டு வந்துடாதீங்க.

பதில் 2: சான் வான் கபிஸ்ட்ரானோ மிஷனையும் விடாதீங்க. 1812 நிலநடுக்கத்தில் சரிந்த கல் தேவாலயத்தின் மிச்சம் அப்படியே இருக்கு.

கேட்டவர்: அம்மாவுக்கு மூட்டுவலி. லா புரிசிமாவில் நடை அதிகமா?

பதில் 1: ஆமாங்க, மண்பாதை. செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்க.