முடிவு இருக்கு, ரா டேட்டா எங்கே? கழிவுநீர் லேப் அனுபவங்கள்

மேசைக்காரன்

சாயப்பட்டறை, தோல் ஆலைத் தண்ணீர் பார்க்கும் லேப்கள் ஆடிட்டில் மாட்டுவது பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தில்தான். லேப்களுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 17025:2017-இன் 7.5 பிரிவு கேட்பதைச் சுருக்கிச் சொன்னால், ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணை வேறொருவர் உங்கள் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி போட்டு எடுக்க முடிய வேண்டும். எந்த மேசையில் அது இடிக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று எண்களோடு எழுதுங்கள். "எஸ்ஓபி-யைப் (எழுதி வைத்த செய்முறையைப்) பின்பற்றவும்" மாதிரி பதில் வேண்டாம், அது எல்லா லேப் சுவரிலும் ஒட்டித்தான் இருக்கிறது.

இன்குபேட்டர்27

பிஓடி (கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கிற ஆக்ஸிஜன்) நோட்டைத் திறந்ததும் பக்கத்தில் காலண்டரை வையுங்கள். நம் முறை, பாட்டிலை இன்குபேட்டரில் 27 டிகிரியில் 3 நாள் வைப்பது. வியாழன் வைத்த பாட்டில் ஞாயிறு வெளியே வரணும். ஞாயிறு லேப் பூட்டு என்றால் ரீடிங் எடுத்தது யார்? வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க ஆடிட்டருக்கு இரண்டு நிமிடம் போதும். ஞாயிறு ஆள் வர முடியாத லேப் வியாழக்கிழமை பிஓடி சாம்பிள் வாங்காமல் இருப்பதே நல்லது. இன்குபேட்டர் வெப்பப் பதிவும் அப்படித்தான். முப்பது நாளும் 27.0, ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் அதை யாரும் நம்பப் போவதில்லை. தண்ணீர் நிரப்பிய பீக்கரில் மின்-மேக்ஸ் தெர்மாமீட்டரின் முனையை மூழ்க வைத்து, திங்கள் காலை வந்ததும் குறைந்ததையும் கூடியதையும் எழுதி ரீசெட் செய்யுங்கள். ஞாயிறு கரண்ட் போனது அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது தொடக்க டிஓ, அதாவது வைக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜன். 27 டிகிரியில் தண்ணீர் தாங்குகிற ஆக்ஸிஜன் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மி.கி. நோட்டில் 8.9 என்று இருந்தால், டைல்யூஷன் வாட்டர் (சாம்பிளை நீர்க்க வைக்கிற தண்ணீர்) ஏசி அறையிலிருந்தோ ஃபிரிட்ஜிலிருந்தோ நேராக வந்திருக்கிறது. 20 டிகிரி தண்ணீர் 9.1 வரை பிடித்து வைத்திருக்கும். சூடேறியதும் மிச்சம் காற்றாக வெளியேறும். பாட்டிலுக்குள் சின்னக் குமிழி தெரியும். பாக்டீரியா எதையும் தின்னாமலே டிஓ குறைந்துவிடும், அது பிஓடி கணக்கில் ஏறிவிடும். பிளாங்கில் (சாம்பிள் சேர்க்காத பாட்டிலில்) டிஓ 0.2-க்கு மேல் இறங்கினால் எல்லோரும் காய்ச்சி வடித்த நீரைத்தான் குறை சொல்வார்கள். முதலில் அதன் வெப்பநிலையைப் பாருங்கள்.

மூன்றாவது, சராசரி போடுகிற பழக்கம். ஒரே சாம்பிள், 300 மி.லி பாட்டில்:

3 மி.லி சாம்பிள்: டிஓ இறக்கம் 2.4, பிஓடி 240
6 மி.லி: இறக்கம் 3.7, பிஓடி 185
12 மி.லி: இறக்கம் 4.8, பிஓடி 120

குறைந்தது 2 இறங்கணும், குறைந்தது 1 மிச்சம் இருக்கணும் என்ற விதியில் மூன்று பாட்டிலும் பாஸ். அதனால் 182 என்று ரிப்போர்ட் போய்விடும். நீர்க்க நீர்க்க பிஓடி ஏறுகிறது என்றால் சாம்பிளில் நுண்ணுயிரை அமுக்குகிற ஏதோ இருக்கிறது. ப்ளீச்சிங் குளோரினாக இருக்கலாம், குரோமியமாக இருக்கலாம். இந்த மூன்று எண்ணுக்கு சராசரி கிடையாது. எஞ்சிய குளோரினைச் சோதித்து, இருந்தால் சோடியம் சல்ஃபைட்டால் போக்கி, சீட் (நுண்ணுயிர் விதை) போட்டு மறுபடி வைக்கணும். முதல் மூன்று எண்ணும் நோட்டில் அப்படியே இருக்கட்டும். மறுபடி வைத்ததற்கான காரணமே அவைதானே.

கல்லூரி_லேப்

இன்குபேட்டர் சார், குளுக்கோஸ்-குளுட்டாமிக் அமில செக் (பிஓடி தெரிந்த கரைசலை வைத்துச் சரிபார்ப்பது) 198 ± 30.5-க்குள் வரணும் என்கிறார்கள். 27 டிகிரி 3 நாளுக்கும் அதேதானா?

இன்குபேட்டர்27

அது 20 டிகிரி 5 நாள் முறைக்கு வைத்த எல்லை. 27-க்கு உங்கள் லேபிலேயே இருபது தடவைக்குக் குறையாமல் ஓட்டி, உங்கள் சராசரி, உங்கள் விலகல் வைத்து எல்லை போடுங்கள். 150 + 150 மி.கி/லி கரைசலில் 6 மி.லி ஒரு பாட்டிலுக்கு. கரைசலை அன்றன்று போடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், வைத்தால் கெட்டுவிடும்.

பியூரெட்

சிஓடி-யில் (கழிவை டைகுரோமேட்டால் ஆக்ஸிஜனேற்றி அளக்கிற ஆக்ஸிஜன் தேவை) ராணிப்பேட்டை, திருப்பூர்ப் பக்கத் தண்ணீருக்குத் தனித் தலைவலி, குளோரைடு. 1 மி.கி குளோரைடு 0.226 மி.கி சிஓடி-யாக வேஷம் போடும். 50 மி.லி சாம்பிளுக்கு 1 கிராம் மெர்குரிக் சல்ஃபேட் என்கிற வழக்கமான அளவு லிட்டருக்கு 2000 மி.கி குளோரைடு வரைதான் தாங்கும். 6000 இருக்கிற தண்ணீரை 10 மி.லி எடுத்து 50-ஆக்கினால் குளோரைடு அடங்கிவிடும். ஆனால் வேறொன்று இடிக்கும்.

சிஓடி உண்மையில் 240 என்று வையுங்கள். 0.25 நார்மல் எஃப்ஏஎஸ்-இல் (பியூரெட்டில் ஊற்றுகிற ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட் கரைசல்) பிளாங்குக்கும் சாம்பிளுக்கும் வித்தியாசம் 1.2 மி.லி மட்டும். பியூரெட்டில் 0.1 மி.லி பிசகினால் 20 மி.கி போகும், 240 என்பது 260 ஆகும். ஆற்றில் விடுவதற்கான பொது வரம்பு 250. ஒரு சொட்டு, இரண்டு சொட்டில் ஆலை பாஸா ஃபெயிலா என்று மாறுகிறது! நீர்த்த பிறகு சிஓடி 50-க்குக் கீழே போனால் 0.025 நார்மல் டைகுரோமேட், 0.025 எஃப்ஏஎஸ்-க்கு மாறுங்கள். கூடவே லிட்டருக்கு 9.89 கிராம் உப்புப் போட்ட தண்ணீரை (அது 6000 குளோரைடு) அதே மாதிரி நீர்த்து அந்த பேட்சிலேயே ஓட்டுங்கள். சுழியை ஒட்டி வந்தால் குளோரைடு அடங்கியிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த பேட்சை அனுப்பாதீர்கள்.

நோட்டில் பார்க்க வேண்டியது இரண்டு. பியூரெட்டின் தொடக்கமும் முடிவும் இருக்கணும், வித்தியாசம் மட்டும் போதாது. எஃப்ஏஎஸ் நார்மாலிட்டி மாதம் முழுக்க 0.2500 என்று இருந்தால் யாரும் ஸ்டாண்டர்டைஸ் பண்ணவில்லை (வலிமை தெரிந்த கரைசலோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை) என்று அர்த்தம். அது காற்றில் இறங்கிக்கொண்டே வருகிற சரக்கு, 0.2487, 0.2471 என்று நகர்ந்தால்தான் இயல்பு.

வடிதாள்

டிஎஸ்எஸ் (வடிதாளில் தங்குகிற கரையாத திடப்பொருள்) சுலபம் என்று புதுசாகச் சேர்ந்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். டிடிஎஸ் (கரைந்த உப்புகள்) லிட்டருக்கு 8000 மி.கி உள்ள தண்ணீரில் வடிதாளில் அரை மி.லி தங்கிக் காய்ந்தாலே 4 மி.கி உப்பு. 100 மி.லி வடித்திருந்தால் டிஎஸ்எஸ் 40 கூடிவிடும். 10 மி.லி வீதம் மூன்று கழுவல் இதற்குப் போதாது. வழிகிற நீரின் கண்டக்டிவிட்டி இறங்கும் வரை கழுவி, எத்தனை கழுவல் என்பதையும் எழுதுங்கள். 103–105 டிகிரியில் காய்ச்சி எடுத்த இரண்டு எடைக்கும் நோட்டில் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஒரே எடை மட்டும் இருந்தால் மாறா எடை வந்ததற்கு என்ன சாட்சி? சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாகிக் கிடக்கிற டெசிகேட்டரில் வந்த எடையை நான் வாங்க மாட்டேன்.

சாம்பிள்_ரூம்

எங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகிற கோளாறு ஒன்றுதான்: கந்தக அமிலம் விட்ட சிஓடி பாட்டிலிலிருந்தே பிஓடி-க்கும் ஊற்றுவது. மூடி நிறத்தைப் பிரித்துவிடுங்கள். வாங்கும்போதே அமிலம் விட்டதில் பிஎச் 2-க்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு சொட்டைத் தாளில் விட்டுப் பார்த்து, வந்த நேரம், பெட்டியின் வெப்பநிலையோடு பதியுங்கள். ஆயில் அண்ட் கிரீஸுக்குக் கண்ணாடி பாட்டில். முழுதையும் எடுத்து, பாட்டிலையும் கரைப்பானால் அலசி ஊற்றணும். அதிலிருந்து வேறு சோதனைக்குப் பங்கு கொடுக்கக் கூடாது.

மேசைக்காரன்

கண்ட்ரோல் சார்ட் (மதிப்புத் தெரிந்த கரைசலின் முடிவுகளைப் புள்ளியாக வைத்துக் கண்காணிப்பது) பற்றி யாரும் தொடவில்லை. கேஹெச்பி (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) 425 மி.கி/லி, அதாவது சிஓடி 500, பேட்சுக்கு ஒன்று. 2 விலகலில் எச்சரிக்கை, 3-இல் நிறுத்தம். நிறைய லேப்களில் 3-ஐத் தாண்டியதும் இன்னொன்று ஓட்டி, தேறியதை மட்டும் புள்ளி வைக்கிறார்கள். எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டிலேயே படுத்திருக்கிற சார்ட்டைப் பார்த்தால் எனக்கு சந்தேகம்தான் வரும். தாண்டிய புள்ளியை வையுங்கள்; பக்கத்தில் காரணத்தையும் (பழைய கேஹெச்பி கரைசலில் பாசி, ஒரு குழாய்க்குக் கண்டென்ஸர் தண்ணீர் நின்றது), அந்த பேட்ச் சாம்பிள்களை என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

திருத்தமும் அப்படியே. ஒற்றைக் கோடு, புது எண், சுருக்கொப்பம், தேதி. ஒயிட்னர் லேபுக்குள்ளேயே வேண்டாம். எக்ஸெலில் அடித்து மாற்றுவதும் ஒயிட்னர்தான்; ஃபார்முலா கட்டங்களைப் பூட்டி, மாற்றத்துக்கு முந்தைய ஃபைலைத் தேதியோடு தனியாகச் சேமியுங்கள்.

கல்லூரி_லேப்

தராசு பிரிண்டர் சீட்டு ஒட்டி வைத்தால் போதுமா?

வடிதாள்

தெர்மல் தாள் போகப் போக வெளுத்துவிடும், மேலே பசை பட்டால் இன்னும் சீக்கிரம். சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, சாம்பிள் எண், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஃபைல் பண்ணுங்கள்.