மகமை என்பது நன்கொடை இல்லை

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஒருவர், "விருதுநகர்னா மகமை மகமைன்னு சொல்றீங்களே அண்ணாச்சி, அது கோயில் வரியா, சங்கச் சந்தாவா?" என்று கேட்டிருந்தார். இரண்டு பேர் "நன்கொடைதான் தம்பி" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் தாத்தா மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். அவர் காதில் இது விழுந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

நன்கொடை, கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. மகமை சரக்கைப் பொறுத்தது. மூட்டைக்கு இவ்வளவு, நூறு ரூபாய்க்கு இவ்வளவு என்று வியாபாரிகள் கூடிப் பேசி வைத்த கட்டு அது. அந்த வருஷம் லாபமா நஷ்டமா என்று கேட்காது. பில்லில் தரகு, கூலி, சாக்கு என்று வரும் வரிசையில் மகமையும் ஒரு வரி. தாத்தா அதைக் கடைப் பணமாகவே எண்ண மாட்டார். சாயங்காலம் அன்றாடக் கணக்கான சிட்டையை முடிக்கும்போது முதலில் அதைத் தனிப் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைக் கூட்டுவார்.

இது எப்படி வந்தது என்றால் பேட்டையிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தெற்கே பனங்காட்டுப் பக்கமிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டிகளில் வடக்கே வந்தார்கள். வழியில் திருடர் பயம். இராத்திரி வண்டியை அவிழ்த்துப்போட, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, சரக்கை நம்பி இறக்க ஓர் இடம் வேண்டும். சுவர் எழுப்பி, கிணறு வெட்டி, உள்ளே சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டிய இடம்தான் பேட்டை. அதை நடத்துவதற்கு அங்கே இறங்கும் சரக்கிலேயே ஒரு பங்கை மகமையாக எடுத்தார்கள். விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் இப்படிக் குடியேறியவர்கள் உறவின்முறை என்ற சாதிச் சங்கமாகக் கூடினார்கள். மகமையை வாங்குவதும் செலவழிப்பதும் உறவின்முறையின் பொறுப்பானது.

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் நம் ஊர் மாறிப்போனது. கரிசல் காட்டுப் பருத்தி ரயிலேறித் துறைமுகம் போனது. சரக்கு கூடக் கூட மகமையும் கூடியது. 'பட்டி'யாக இருந்த ஊர் 1923-ல் 'நகர்' ஆனதற்கு அந்தப் பேரேட்டிலும் பாதிக் காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பணத்தில் நடந்ததில் எனக்குப் பெரியதாகப் படுவது பள்ளிக்கூடம். அது நாடார்களுக்குக் கோயில் கதவு சாத்தியிருந்த காலம். 1897-ல் கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் போனது வழக்காகி, 1908-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அங்கேயும் தோற்றார்கள். அந்த வழக்கெல்லாம் எழுவதற்கு முன்பே, 1889-ல், விருதுபட்டி உறவின்முறை சத்திரிய வித்யாசாலாவைத் தொடங்கிவிட்டது. ஊரே எண்ணெய்க்கும் பருத்திக்கும் விலை பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று யாரோ எழுந்து பேசியிருக்கிறார்கள், மற்றவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதோடு பிடி அரிசியையும் சொல்ல வேண்டும். உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். உறவின்முறைக் கூட்டத்தில் உட்காராத நம் ஆச்சிமார் அடுப்படியிலிருந்து கொடுத்த மகமை என்றுதான் அதை நான் சொல்வேன். எந்தப் பேரேட்டிலும் அவர்கள் பேர் இல்லை. 1903-ல் நம் ஊரில் பிறந்த காமராஜர் படித்ததும் அந்தப் பள்ளியில்தான்.

இது நாடார்களுக்கு மட்டுமே உரிய வழக்கமும் இல்லை. செட்டிநாட்டு நகரத்தாரிடமும் மகமை உண்டு. இன்னும் பின்னால் போனால், பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வணிகர்கள் கூடி, உப்பு, நெல், பயறு, மிளகு, மஞ்சள், இரும்பு, பருத்தி என்று சரக்கு வாரியாகக் கோயிலுக்கு ஒரு பங்கு விட்டுக்கொடுத்ததை அது சொல்கிறது. அந்தப் பங்குக்குப் பட்டணப்பகுடி என்று பெயர். சிவகங்கைப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. உறவின்முறை ஒரு சாதிக்குள் நின்ற அமைப்பு. அதே பேட்டையில் மூட்டை தூக்கியவர்களும் பருத்தி விற்க வந்த விவசாயிகளும் அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்ல முடிந்ததில்லை. நாம் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் குழுவில் ஒவ்வொரு முறையும் பள்ளிக்கு, நூலகத்துக்கு என்று வேண்டுகோள் போடுகிறோம். அதே பத்துப் பேர் கொடுக்கிறார்கள், பிறகு அவர்கள் பேர்ப் பட்டியல் வருகிறது. சம்பளம் வந்த அன்றைக்கே ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எல்லாரும் எடுத்து வைப்போம், பட்டியல் வேண்டாம். எவ்வளவு என்பதை இந்த மாதக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம்.

இன்னொன்று. பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய சிட்டை, பேரேடு, மகமை ரசீது எது கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தைத்த முதுகை அழுத்தி விரிக்காமல், பகல் வெளிச்சத்தில் வைத்து, தேதி தெரியும்படி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இங்கே அனுப்புங்கள். எங்கள் வீட்டில் தாத்தா எழுதியவை மூன்று இருந்தன. ஒன்று கரையானுக்குப் போய்விட்டது. மீதி இரண்டையும் இந்த விடுமுறையில் நான் படமெடுத்து வருகிறேன்.

அன்புடன்,
துபாயிலிருந்து உங்கள் தம்பி